பிறர் பணம், பிறர் படை: முதலாம் ஃபைசலின் இரண்டு சிம்மாசனங்கள்

ஈராக்கின் முதல் மன்னர் ஃபைசலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் நேரே பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். ஒட்டகம், வெள்ளை அங்கி, இடுப்பில் வளைந்த கத்தி, பக்கத்தில் ஓர் ஆங்கிலேயர், அதாவது லாரன்ஸ் என்ற அதிகாரி. அந்தப் பாலைவனக் காலம் மொத்தமே இரண்டு ஆண்டும் சில மாதங்களும்தான். அதற்கு முன் அவர் இஸ்தான்புல்லில் வளர்ந்து உதுமானிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அதற்குப் பின் டமாஸ்கஸில் சில மாதங்களும் பாக்தாதில் பன்னிரண்டு ஆண்டுகளும் மன்னராக இருந்தவர். இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: அந்தந்த வேளையில் அவருடைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

1885-ல், மக்காவும் மதீனாவும் உள்ள மேற்கு அரேபியப் பகுதியான ஹிஜாஸில் பிறந்தவர் ஃபைசல். நபிகளின் வழிவந்த ஹாஷிமிக் குடும்பம். தந்தை ஹுசைன் பின் அலி. 1893-ல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஹுசைனை இஸ்தான்புல்லுக்கு வரவழைத்தார். பெயருக்குத்தான் விருந்தாளி, நடைமுறையில் கண்காணிப்பு. எட்டு வயதில் அங்கு போன ஃபைசல் துருக்கி மொழியில் படித்து, அரண்மனை அரசியலைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தார். 1908-ல் இளம் துருக்கியர் புரட்சி வந்தபின் ஹுசைன் மக்காவின் அமீராக ஊர் திரும்பினார். 1913-ல் ஜித்தாவின் உறுப்பினராக ஃபைசல் நாடாளுமன்றம் போனார். பிற்காலத்தில் அவருடைய பொறுமையைப் பார்த்துப் பலர் வியந்திருக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவன் முன் முகம் மாறாமல் உட்காரும் பழக்கம் அவருக்கு அந்த ஊரில் வந்ததாகத்தான் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்துக்குக் கடுமையான சோதனை 1916-ல், முதல் உலகப் போரின் நடுவில் வந்தது. டமாஸ்கஸில் உதுமானியத் தளபதி ஜெமால் பாஷாவின் விருந்தாளியாக இருந்துகொண்டே, அரபு தேசியவாதிகளின் ரகசியச் சங்கங்களோடும் ஃபைசல் தொடர்பில் இருந்தார். மே 6 அன்று ஜெமால், பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலுமாக 21 பேரைத் தூக்கிலிட்டார். ஃபைசலுக்குத் தெரிந்தவர்களும் அதில் உண்டு. அவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. உதுமானியப் போருக்குத் தொண்டர்படை திரட்டப் போவதாகச் சொல்லி மதீனாவுக்குக் கிளம்பினார். ஜூன் மாதம் உதுமானியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சி வெடித்தது.

முதல் அடி சறுக்கியது. மதீனாவில் உதுமானியத் தளபதி ஃபக்ரி பாஷாவிடம் பீரங்கியும் பயிற்சி பெற்ற படையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக டமாஸ்கஸிலிருந்து வந்து முடியும் ரயில் பாதை அங்கே இருந்தது. ஃபைசலிடம் இருந்தது பழைய துப்பாக்கிகளோடு வந்த பழங்குடியினர். பீரங்கிச் சத்தத்தைக் கேட்டே பலர் சிதறினார்கள். போதாக்குறைக்குக் கையில் காசும் இல்லை. பெட்டி ஒன்றில் கற்களை நிரப்பி, பூட்டி, கயிறு கட்டி, அடிமைகளைக் காவல் வைத்து, கஜானா தன்னோடு பயணிப்பதாக ஃபைசல் நம்பவைத்தார் என்று லாரன்ஸ் எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் சாயம் பூசிய கதையாக இருக்கலாம். ஆனால் அன்றைய நிலைமை அதுதான்.

பிறகு, உதுமானியரோடு போரில் இருந்த பிரிட்டனின் தங்கம் வந்தது. தொடக்கத்தில் மாதம் 1,25,000 பவுன். செங்கடலில் கப்பலில் வந்து இறங்கும். ஓர் ஆளுக்கு மாதம் 2 பவுன், ஒட்டகத்துக்கு 4 பவுன் என்பது ஃபைசலின் முகாமில் கூலி. ஒட்டகத்துக்கு ஆளைவிட இரண்டு மடங்கு ஏன் என்றால், ஒட்டகம் செத்தால் அந்தக் குடும்பத்தின் மூலதனமே போயிற்று. ஒரு வீட்டில் ஒரு துப்பாக்கிதான் இருக்கும். அண்ணன் தம்பிகள் முறைவைத்து அதோடு வந்து சில நாள் நின்றுவிட்டுப் போவார்கள். அதனால் முகாமில் ஐயாயிரம் பேர் என்று கணக்கு எழுதினால், நாளை காலை அதே ஐயாயிரம் பேர் இருப்பார்கள் என்று அர்த்தமில்லை. தங்கள் குலத்தின் மேய்ச்சல் எல்லையைத் தாண்டிப் போய்ச் சண்டையிடவும் பலர் தயாரில்லை. இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டு அகழியில் இருக்கும் எதிரியை நேராகத் தாக்கச் சொன்னால், அது ஒரே நாளில் கரைந்துவிடும்.

ஆகவே போரின் வடிவம் மாறியது. 1917 ஜனவரியில் ஃபைசல் மதீனாவை விட்டுவிட்டு, கடற்கரையோரமாக வடக்கே வஜ்ஹ் துறைமுகத்துக்கு இடம் மாறினார். பிரிட்டிஷ் கடற்படை துணைக்கு வந்தது. மதீனாவிலிருந்து மக்கா மீது படையெடுக்க இருந்த துருக்கியர், தங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் பாதையைக் காக்க ஆட்களைப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த ஹிஜாஸ் ரயில் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1900-ல் தொடங்கி 1908-ல் மதீனா வரை முடிந்த பாதை. உலகம் முழுக்க முஸ்லிம்களிடம், இந்திய முஸ்லிம்களிடமும், நன்கொடை திரட்டிக் கட்டியது. அகலம் 1,050 மில்லிமீட்டர். பெரும்பகுதியில் குறுக்குக் கட்டைகள் மரமில்லை, எஃகு. தண்டவாளத்தை நேரடியாக உடைப்பதில் பெரிய பயனில்லை என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது. மக்கா வரை நீட்டிப்பதற்காகக் கொண்டுவந்த தண்டவாளங்கள் மதீனாவில் குவிந்து கிடந்தன. இரவில் உடைத்ததைப் பகலில் மாற்றிவிட்டார்கள். வளைவுகளில் உள்ள வளைந்த தண்டவாளங்களுக்குத்தான் மாற்று கிடைப்பது கடினம் என்பதால் அவற்றைக் குறிவைத்தார்கள். பின்னாளில் இதைவிடச் சிக்கனமான வழி ஒன்று வந்தது. பத்து மீட்டர் நீளத் துண்டின் நடுவில் இருக்கும் எஃகுக் கட்டைக்கு அடியில் சுமார் 850 கிராம் வெடிபஞ்சைப் புதைப்பது. கட்டையின் அடிப்பக்கம் குழிவாக இருப்பதால் வெடித்த வாயு அங்கே நிரம்பி, கட்டையின் நடுப்பகுதியை மேலே தூக்கும். அது தன்னோடு இரண்டு தண்டவாளங்களையும் தூக்கி உள்ளுக்கு இழுத்து முறுக்கிவிடும். தண்டவாளம் உடையாது, ஆனால் நிமிர்த்தவும் முடியாது; அறுத்துத் தூர எறிய வேண்டியதுதான். ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் இப்படி வைக்கலாம்.

பாதையை ஒரேயடியாகத் துண்டிப்பது நோக்கமாக இருக்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். மதீனாவில் இருக்கும் துருக்கியப் படை அங்கேயே கிடந்து, ரயிலில் வரும் அரைகுறை உணவைத் தின்றுகொண்டு, பாதையைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் படை பாலஸ்தீனத்துக்கு வந்துவிட்டால்தான் பிரிட்டிஷாருக்குத் தலைவலி. ஃபக்ரி பாஷா போர் முடிந்த பிறகும் விடாமல் இருந்து, 1919 ஜனவரியில்தான் சரணடைந்தார்.

1917 ஜூலை 6-ல் அகபா விழுந்தது. ஹுவைத்தாத் குலத்தின் அவுதா அபு தாயீ தரை வழியாக வந்து பிடித்தார். அதன்பின் ஃபைசலின் படை எகிப்திலிருந்து வந்த ஜெனரல் ஆலன்பியின் படைக்கு வலப்பக்க அணியாக ஆனது. மரியாதையும் தளவாடமும் கூடின. உத்தரவு பிறப்பிப்பவரும் மாறினார்.

1918 அக்டோபர் 3-ல் ஃபைசல் டமாஸ்கஸுக்கு வந்தார். அன்றே ஆலன்பி அவரிடம் சிரியாவுக்குப் பிரான்ஸ்தான் பாதுகாவல் நாடு என்று சொன்னார். ஃபைசல் மறுத்தார், உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான் பதில். நகரத்தைப் பிடித்த மகிழ்ச்சி அரை நாள்கூட நிலைக்கவில்லை.

டமாஸ்கஸில் அமைந்த ஃபைசலின் அரபு அரசு ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பிரெஞ்சுக்காரரின் பேராசை, பிரிட்டிஷாரின் துரோகம் என்று இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் பீரங்கி வருவதற்கு முன்பே கஜானா காலி. கடற்கரை பிரெஞ்சுக் கையில் இருந்தது. பெய்ரூட் துறைமுகச் சுங்க வருமானம் டமாஸ்கஸுக்கு வரவில்லை. போர்க்காலப் பஞ்சத்தில் மெலிந்த கிராமங்களிடம் வரி வசூலிக்க முடியவில்லை. மிச்சத்தை நிரப்பியது பிரிட்டிஷ் மாத மானியம். 1919 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜும் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவும் பேசி முடித்து, நவம்பரில் பிரிட்டிஷ் படை சிரியாவை விட்டு வெளியேறியது. மானியமும் சுருங்கியது.

அந்தச் சமயத்தில் ஃபைசல் ஐரோப்பாவில் இருந்தார். பிப்ரவரியில் பாரிஸ் அமைதி மாநாட்டில் பேசியிருந்தார். 1920 ஜனவரி தொடக்கத்தில் கிளெமான்சோவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: பிரெஞ்சு ஆலோசகர்களை ஏற்பது, லெபனானைத் தனியாக விடுவது, பதிலுக்கு உள்நாட்டு ஆட்சி. கிடைத்திருக்கக்கூடியதில் அதுவே அதிகம் என்பது என் கணிப்பு. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தபோது டமாஸ்கஸ் கேட்கத் தயாராக இல்லை. மாதக்கணக்கில் தலைவர் இல்லாத ஊரில் தெருக் கமிட்டிகளும் இளம் அதிகாரிகளும் சேர்ந்து வேறொரு சுருதிக்குப் போய்விட்டிருந்தார்கள். பாரிஸிலும் கிளெமான்சோ பதவி இழந்தார். மார்ச் 8-ல் சிரியப் பொதுமாநாடு ஃபைசலை மன்னராக அறிவித்தது. ஏப்ரல் 25-ல் சான் ரெமோவில் கூடிய நேச நாடுகளின் மாநாட்டில் சிரியா பிரான்சின் பொறுப்பாட்சிக்கு, அதாவது சர்வதேச ஒப்புதலோடு இன்னொரு நாடு ஆளும் ஏற்பாட்டுக்குப் போனது.

ஜூலை 14-ல் பிரெஞ்சுத் தளபதி ஜெனரல் கூரோவின் இறுதி எச்சரிக்கை வந்தது. பொறுப்பாட்சியை ஏற்க வேண்டும், கட்டாய ராணுவச் சேர்ப்பை நிறுத்திப் படையைக் குறைக்க வேண்டும், பிரெஞ்சு வங்கி வெளியிட்ட சிரியக் காகிதப் பணத்தை ஏற்க வேண்டும், ரயாக்–அலெப்போ ரயில் பாதையை ஒப்படைக்க வேண்டும், எதிர்ப்பவர்களைத் தண்டிக்க வேண்டும். ஃபைசல் ஏற்றார். படையைக் கலைக்கவும் உத்தரவிட்டார்; எல்லையில் கணவாயைக் காத்து நின்ற வீரர்கள் பின்வாங்கினார்கள். டமாஸ்கஸில் கலவரம் வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஏற்றுக்கொண்டதாக அனுப்பிய தந்தி, கம்பி அறுந்திருந்ததால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கெடு முடிந்துவிட்டது என்று பிரெஞ்சுப் படை நகரத் தொடங்கியது. சமரசம் பேச ஃபைசல் அனுப்பிய சாதி அல்-ஹுஸ்ரி புது நிபந்தனைகளோடு திரும்பினார்.

மிக மோசமான வரிசை இதுதான்: முதலில் பணிந்து படையைக் கலைப்பது, பிறகு கலைந்த படையைக் கூட்டிப் போரிடுவது. ஜூலை 24-ல் மைசலூனில் போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா, மிச்சமிருந்த வீரர்களையும் நகரத்திலிருந்து வந்த தொண்டர்களையும் வைத்துக்கொண்டு நின்றார். எதிரே சுமார் 9,000 பேர், டாங்கிகள், விமானங்கள். சில மணி நேரத்தில் முடிந்தது. அஸ்மா களத்திலேயே இறந்தார். தோல்வி நிச்சயம் என்று அவருக்கு முன்பே தெரியும். எதிர்ப்பே இல்லாமல் நகரம் விழுந்தது என்று வரலாற்றில் பதிவாகக் கூடாது என்பதற்காகப் போனார். சில நாட்களில் ஃபைசலை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதே கோடையில் ஈராக்கில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி. அடக்குவதற்கு ஆன செலவு சுமார் 4 கோடி பவுண்டு. பிரிட்டன் பக்கம் சண்டையிட்டவர்களில் பெரும்பான்மை இந்தியப் படையினர். லண்டனில் வரி கட்டுபவர்கள் கூச்சலிட்டார்கள். 1921 மார்ச்சில் கெய்ரோவில் சர்ச்சில் கூட்டிய மாநாட்டில் மையக் கேள்வி ஒன்றுதான்: ஈராக்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் செலவு ஆகக் கூடாது. விடை இரண்டு பகுதி. தரைப்படைக்குப் பதில் விமானப்படை. நேரடி ஆட்சிக்குப் பதில் ஓர் அரபு மன்னர். வேலையில்லாமல் இருந்த மன்னர் ஒருவர் கைவசம் இருந்தார்.

போட்டியாளர் ஒருவரும் இருந்தார். பஸ்ராவின் செல்வாக்குள்ள சையித் தாலிப், உள்துறை அமைச்சர், "ஈராக் ஈராக்கியருக்கே" என்று பேசிவந்தவர். ஏப்ரலில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பெர்சி காக்ஸின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது கைது செய்து நாடு கடத்தினார்கள். எங்கே என்றால், இலங்கைக்கு. எகிப்தின் அராபி பாஷாவையும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அங்கேதான் அனுப்பியிருந்தார்கள். வேண்டாத அரபுத் தலைவர்களை வைக்கும் பரணாக அந்தத் தீவை பிரிட்டிஷார் பழகிவிட்டிருந்தார்கள் போலும்.

ஜூன் மாதம் ஃபைசல் பஸ்ராவில் இறங்கினார். ஜூலை 11-ல் அமைச்சரவை அவரை மன்னராக ஏற்றது. ஆனால் மக்கள் ஒப்புதல் காட்ட வேண்டுமே. நடந்தது வாக்குப்பெட்டித் தேர்தல் கிடையாது. அச்சிட்ட படிவங்கள் மாவட்டம் மாவட்டமாகப் போயின; ஊர்ப் பெரியவர்களும் ஷேக்குகளும் கூடிக் கையெழுத்திட்டார்கள். 96 சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். கிர்குக் மறுத்தது, சுலைமானியா கலந்துகொள்ளவே இல்லை, பஸ்ராவின் பிரமுகர்கள் தனி ஏற்பாடு கேட்டார்கள். பல ஊர்களின் தாள்களில் அந்நியத் தலையீடு கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. அந்த 96-ஐ மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

முடிசூட்டு விழா ஆகஸ்ட் 23, காலை 6 மணி. வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது நேரத்துக்குக் காரணம். தேதிக்கு வேறு காரணம் உண்டு: அது துல்ஹஜ் 18, ஷியாக்கள் கொண்டாடும் கதீர் நாள். சுன்னி மன்னர் ஒருவர், ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், இந்தத் தேதியைப் பிடித்தது நல்ல கணக்கு. வாத்தியக் குழு பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது. ஈராக்குக்கென்று கீதம் இன்னும் இல்லை.

டமாஸ்கஸின் பாடத்தை அவர் மறக்கவில்லை என்பது அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. ஈராக்கில் பிரிட்டனின் பொறுப்பாட்சி; அந்தச் சொல்லே ஈராக்கியருக்கு வேப்பங்காய். அதற்குப் பதில் ஒப்பந்தம் போடலாம் என்றது லண்டன், ஆனால் உள்ளடக்கம் அதேதான். ஃபைசல் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. எதிர்ப்பாளர்களுக்கு மறைமுகமாக ஊக்கம் கொடுத்தபடி இழுத்தடித்தார். 1922 ஆகஸ்ட் 23 ஆண்டு விழாவில் அரண்மனை வாசலிலேயே காக்ஸுக்கு எதிராகக் கோஷம் எழுந்தது. எதிர்ப்பாளர்களைக் கைது செய்ய காக்ஸ் அனுமதி கேட்டார். மன்னருக்கோ குடல்வால் அழற்சி, அறுவை சிகிச்சை மேசைக்குப் போகும் நிலை, கையெழுத்திடவில்லை. அமைச்சரவையும் ஏற்கனவே ராஜினாமா செய்திருந்தது. மன்னரும் இல்லை, அமைச்சரும் இல்லை என்று காக்ஸ் தாமே ஆட்சியை எடுத்துக்கொண்டார். இரண்டு கட்சிகளைத் தடை செய்தார், தலைவர்களை நாடு கடத்தினார். ஃபைசல் எழுந்து உட்கார்ந்தபோது வேலை முடிந்திருந்தது. அக்டோபர் 10-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நோய் நிஜம்தான். ஆனால் அடக்குமுறையின் பழி அவர் கையில் ஒட்டவில்லை என்பதும் நிஜம்.

ஒப்பந்தத்தை ஏற்க அரசியல் நிர்ணய சபை 1924 ஜூன் 10 நள்ளிரவு வரை இழுத்தது. அன்றிரவுக்குள் முடிக்காவிட்டால் சபையைக் கலைப்போம் என்று மிரட்டல். 100 உறுப்பினரில் 69 பேரைத்தான் திரட்ட முடிந்தது: ஆதரவு 37, எதிர்ப்பு 24, மீதி 8 பேர் வாக்களிக்கவில்லை. மோசுல் மாகாணத்தைத் துருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஆதரவு போனால் மோசுலும் போகும் என்ற பயம்தான் அந்த 37 கைகளைத் தூக்கவைத்தது.

எண்ணெயிலும் இதே கயிறுதான். சான் ரெமோவில் ஈராக்குக்கு 20 சதவீதப் பங்கு தரலாம் என்று பேச்சு இருந்தது. பெயரில் மட்டும் துருக்கி இருந்த, மேற்கத்திய முதலாளிகளின் துருக்கி பெட்ரோலியக் கம்பெனி மறுத்தது. 1925 மார்ச் 14-ல், மோசுல் யாருக்கு என்று விசாரிக்க வந்த சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) குழு வேலை பார்த்துக்கொண்டிருந்த வேளையில், 75 ஆண்டு உரிமம் கையெழுத்தானது. பங்கு கிடையாது, ஒரு டன்னுக்கு 4 தங்க ஷில்லிங் உரிமைத்தொகை மட்டும். இரண்டு அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது மார்ச் 21-ல், அதாவது ஒரு வாரம் கழித்து. நாடாளுமன்றமே இல்லாத அந்த இடைவெளியில் காரியத்தை முடித்தார்கள். 1927 அக்டோபரில் கிர்குக் அருகே பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. கம்பெனிக்கு வெளியே விடும் அவசரம் இல்லை. 1931-ல் திருத்திய உரிமத்தில், ஏற்றுமதி தொடங்கும்வரை ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் தங்கப் பவுன் தர வேண்டும் என்று வாங்கியதுதான் ஃபைசல் ஆட்சியில் கண்ட பெரிய காசு.

கிடைத்ததை வாங்கிக்கொள், அடுத்ததைக் கேள் என்பது அவருடைய வழிமுறை. தீவிரவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்கு நகர்ந்தது: 1922 ஒப்பந்தத்திலிருந்து 1930 ஒப்பந்தத்துக்கு வருவதற்குள் லண்டனின் பிடி தளர்ந்தது. 1930 ஒப்பந்தத்தில் பிரிட்டன் விமானத் தளங்கள் போன்ற சில உரிமைகளை வைத்துக்கொண்டு மற்றதை விட ஒப்புக்கொண்டது. 1932 ஏப்ரலில் இந்திய ரூபாய் போய் தினார் வந்தது. ஆம், அதுவரை பாக்தாத் கடைத்தெருவில் புழங்கியது நம் ரூபாய்தான், ஒரு ரூபாய்க்கு 75 ஃபில்ஸ் என்று மாற்றினார்கள். அக்டோபர் 3-ல் ஈராக் சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. பொறுப்பாட்சி நாடுகளில் முதலில் விடுபட்டது அதுவே.

தீராமல் நின்றது துப்பாக்கிக் கணக்கு. கடைசி ஆண்டுகளில் தன் நெருங்கிய வட்டத்துக்கு எழுதிய குறிப்பில் ஃபைசல் சொல்கிறார்: மக்களிடம் 1 லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள், அரசிடம் 15,000. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கலகம் வந்தால் சமாளிக்க முடியாது. ஈராக்கிய மக்கள் என்று ஒரு தொகுதி இன்னும் உருவாகவில்லை என்றும் அதே குறிப்பில் எழுதினார். கட்டாய ராணுவச் சேர்ப்பை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரிட்டிஷார் தடுத்தார்கள், தெற்கின் ஷியாப் பழங்குடியினருக்கும் வடக்கின் குர்துகளுக்கும் அது சுன்னி அதிகாரிகளுக்குத் தங்கள் பிள்ளைகளைக் கொடுப்பதாகத் தோன்றியது. தங்கம் கொடுத்து வந்த கூலிப்படையையும் கலைந்து போன டமாஸ்கஸ் படையையும் பார்த்தவர் சொந்தப் படை வேண்டும் என்று துடித்ததில் வியப்பில்லை. அந்தப் படை யார்மீது பாயும் என்பதை அவர் போதுமான அளவு யோசிக்கவில்லை.

1933 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. வடக்கே அசீரியக் கிறிஸ்தவர்களோடு ஏற்பட்ட மோதலுக்குப் பின் தளபதி பக்ர் சித்கியின் தலைமையில் இருந்த ஈராக் படை சிமேல் பகுதியில் நிராயுதபாணிகளைக் கொன்றது. பிரிட்டிஷ் மதிப்பீடு 600. அசீரியர்கள் அதைவிடப் பல மடங்கு சொல்கிறார்கள். சிகிச்சைக்காக ஐரோப்பா போயிருந்த ஃபைசல், அசீரியர் பிரச்சினை முற்றியதால் அந்த மாதத் தொடக்கத்திலேயே அவசரமாகத் திரும்பியிருந்தார். படையையும் ஃபைசலின் மகனான இளவரசர் காஸியையும் பாக்தாத் வாழ்த்திக்கொண்டிருந்தது. நிதானம் சொன்ன மன்னரைக் கேட்க ஆளில்லை. மீண்டும் சுவிட்சர்லாந்து போனார். செப்டம்பர் 8 அன்று பெர்ன் நகர ஹோட்டலில் மாரடைப்பில் இறந்தார். வயது 48.

கிர்குக் எண்ணெய் குழாய் வழியே மத்தியதரைக் கடலை அடைந்தது அடுத்த ஆண்டில். கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டமும் 1934-லேயே நிறைவேறியது. 1936 அக்டோபரில் பக்ர் சித்கி பாக்தாத் மீது படை நடத்தினார். பேசித் தடுக்கப் போன ஜாஃபர் அல்-அஸ்கரி, அந்தப் படையை 1921-ல் உருவாக்கிய ஃபைசலின் பழைய தோழர், வழியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.